98 யூரோ கொடுத்துச் செடி பார்த்த கதை: கிரானடா போகிறவர்கள் கவனத்துக்கு

ஸ்பெயினில் இருக்கும் கிரானடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அங்கே இருக்கும் அல்ஹாம்ப்ரா கோட்டைக்கு டிக்கெட் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். ஜனவரி இரண்டாம் வாரம் நானும் இவரும் மூன்று இரவு அங்கே தங்கினோம். மலாகாவில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. ஊரைக் குறை சொல்லவே முடியாது. குன்றின் மேல் செந்நிறக் கோட்டை, அதற்குப் பின்னால் பனி மூடிய சியெரா நெவாடா. ஆனால் நாங்கள் போனது அந்தக் கோட்டைக்குள்ளே இருக்கும் அரண்மனைகளைப் பார்க்க. ஆளுக்கு 49 யூரோ கொடுத்தும் அதைப் பார்க்காமலே திரும்பினோம்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதுதான் டிக்கெட் தேடினேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். தேடியதும் முதலில் வந்தது ஒரு விளம்பரம். பெரிதாக அல்ஹாம்ப்ரா என்ற பெயர், கோட்டை முத்திரை மாதிரி ஒரு சின்னம், பக்கம் முழுக்கச் சிங்க முற்றத்தின் படம். 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் முகம்மது கட்டிய முற்றம் அது. நடுவே பன்னிரண்டு கல் சிங்கங்கள் ஒரு நீர்த்தொட்டியைச் சுமந்து நிற்கும். கீழே 'வரிசையில் நிற்காமல் நுழையலாம், சில இடங்களே மீதம்' என்று சிவப்பு எழுத்து. இவரிடம் காட்டினேன். "இருக்கிறதைப் போடு, அப்புறம் அதுவும் போயிடும்" என்றார். போட்டுவிட்டேன். பாஸ்போர்ட் எண்கூடக் கேட்டார்கள். அது வேறு எனக்கு நம்பிக்கையைக் கூட்டியது.

அன்று காலை சி30 சிற்றுந்து பிடித்து மேலே போனோம். அங்கே குளிர்காலத்தில் எட்டரை மணிக்குத் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் பொழுது அப்போதுதான் விடிந்திருக்கும். கை விறைக்கும் குளிர். முதல் வாசலில் டிக்கெட்டைக் காட்டினோம், பச்சை விளக்கு, உள்ளே விட்டுவிட்டார்கள். ஹெனெராலிஃபே தோட்டம் போனோம். ஜனவரியில் அங்கே என்ன இருக்கும்? வெட்டிவிட்ட ரோஜாக் குச்சிகள், சைப்ரஸ் மரங்கள், வாய்க்கால் தண்ணீர். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம் அல்கஸாபா என்ற பழைய கோட்டைப் பகுதியில் ஏறி ஊரைப் பார்த்தோம். முக்கியமானதைக் கடைசியில் பார்ப்போம் என்று வைத்திருந்தோம்.

நாங்கள் பார்க்க வந்த அரண்மனைகளுக்கு நஸ்ரி அரண்மனைகள் என்று பெயர். அந்த வாசலில் டிக்கெட்டை வைத்ததும் சிவப்பு. காவலர் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார், மறுபடியும் சிவப்பு. டிக்கெட்டில் ஒரு வார்த்தையை விரலால் தொட்டு, "ஹார்தினேஸ், ஹார்தினேஸ்" என்றார். தோட்டங்கள் என்று அர்த்தம். எனக்குப் பின்னால் நின்ற குடும்பம் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனது. இவர் என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

விஷயம் இதுதான். அல்ஹாம்ப்ராவுக்கு ஒரே டிக்கெட் கிடையாது. பொது டிக்கெட் என்பதில் நஸ்ரி அரண்மனைகள், ஹெனெராலிஃபே, அல்கஸாபா எல்லாம் அடங்கும். இன்னொன்று தோட்டமும் அல்கஸாபாவும் மட்டும். சிங்க முற்றம் இருப்பது நஸ்ரி அரண்மனைகளுக்குள். அங்கே அரை மணிக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுவார்கள். டிக்கெட்டில் உங்களுக்கான மணி அச்சாகியிருக்கும், அதைத் தவறவிட்டால் முடிந்தது. அதனால் இந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், தோட்ட டிக்கெட் மீந்து கிடக்கும். அந்த மீந்ததைத்தான் சிங்கத்தின் படம் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் அதன் விலை பத்துப் பன்னிரண்டு யூரோதான். அரண்மனையோடு சேர்ந்த பொது டிக்கெட்டே இருபது யூரோவை ஒட்டித்தான்.

அங்கேயே ஒரு கல் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். பொய் ஒரு வரிகூட இல்லை. பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால், 'அடங்காதவை' என்ற தலைப்புக்குக் கீழே, உணவுக்கும் போக்குவரத்துக்கும் நடுவில் நஸ்ரி அரண்மனைகள் என்று இருந்தது. ஏதோ மதியச் சாப்பாடு மாதிரி! 'வரிசையில் நிற்காமல்' என்றதும் அப்படித்தான். முன்பதிவு செய்த யாருமே அங்கே டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் ஐரோப்பிய உரிமை, குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாதாம். சட்டம் உண்மையில் அப்படித்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அட்டை வங்கியிலும் கேட்டேன். டிக்கெட்டை நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்களே என்றார்கள். தோட்டத்துக்குள் போனோமே, என்ன செய்ய!

தங்கிய வீட்டின் கதை வேறு. அல்பைசீன் என்ற பகுதியின் மேட்டில் பழைய வீடு, சாவி கொடுப்பது கீழே ஒரு முகவர் அலுவலகம். விளம்பரத்தில் 'வெப்ப வசதி உண்டு'. உள்ளே போனால் படுக்கையறையில் மட்டும் ஒரு ஏசி, அதில் சூடான காற்று வரும். கிரானடா கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். ஜனவரி இரவில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும். தரையோ ஓடு. ஏசியையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் மொத்த மின்சாரமும் போய்விடும். அங்கே ஒவ்வொரு வீடும் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று ஒப்பந்தம் போட்டு அதற்குக் கட்டணம் கட்டுகிறது. இந்த வீட்டுக்காரர் இருப்பதிலேயே குறைந்த அளவை எடுத்திருப்பார் போல. முதல் ராத்திரி நான்கு முறை இருட்டில் தடவிக்கொண்டு போய் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். வெந்நீரும் ஒருவர் குளிக்கத்தான் காணும், இரண்டாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். காப்பாற்றியது ஒரு வட்ட மேசை. கனத்த துணி தரைவரை தொங்கும், அடியில் ஒரு மின்சாரக் கணப்பு. துணிக்குள் காலை விட்டு மடியில் போர்த்திக்கொண்டால் இடுப்புக்குக் கீழே சொர்க்கம். மூக்குதான் உறைந்தது.

அலுவலகத்தில் போய்ச் சொன்னதும் தோளைக் குலுக்கினார்கள். புகார்ப் படிவம் கொடுங்கள் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. 'ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்' என்று கேட்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் கடையோ ஓட்டலோ கொடுத்தே ஆக வேண்டும். எழுத ஆரம்பிக்குமுன்பே 40 யூரோ திருப்பித் தந்தார்கள். அந்தப் பயணத்தில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

கதீட்ரல் பக்கம் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணிக்கும் பெண்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வாங்காதீர்கள், வாங்கினால் கைரேகை பார்த்து நோட்டாகக் கேட்பார்கள். அவ்வளவுதான். அதே தெருவில் குடிக்க ஏதாவது கேட்டால் கூடவே ஒரு சின்னத் தட்டு பலகாரம் சும்மா வரும். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பன்றி இறைச்சிதான்.

சுற்றுலா அலுவலகத்தில் இருந்த அம்மா ஒரு வழி சொன்னார். பொது டிக்கெட் தீர்ந்த பிறகும் கிரானடா கார்டு என்ற நகர அட்டையில் சில சமயம் அரண்மனை இடம் கிடைக்குமாம். நாங்கள் கேட்ட அன்று அதுவும் இல்லை, மறுநாள் விமானம். நீங்கள் எங்கே வாங்கினாலும் பணம் கட்டுமுன் 'பலாசியோஸ் நஸரியேஸ்' என்ற பெயரும் அதன் பக்கத்தில் ஒரு மணியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது செடி பார்க்கிற டிக்கெட்.

நேற்று மறுபடி தேடிப் பார்த்தேன். முதல் விளம்பரம் அதேதான், படத்தில் அதே சிங்கங்கள். விலை மட்டும் இரண்டு யூரோ ஏறியிருக்கிறது.