‘ரீகண்டிஷன்’ கியர்பாக்ஸ் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்: பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய பிக்கப்புக்குக் கியர்பாக்ஸ் மாற்றப் போகிறவர்கள், சமீபத்தில் மாற்றியவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எங்களிடம் 47,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது.

அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். வண்டி 2011 மாடல் பொலேரோ பிக்கப். மூன்றாவது கியர் விழவே சிரமப்பட்டது. அவ்வளவு ஓடிய வண்டிக்கு அது தேய்மானம்தான், கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒர்க்‌ஷாப்காரர், “அண்ணே, பிரிச்சா செலவு ஏறிக்கிட்டே போகும். ரீகண்டிஷன் பாக்ஸ் கைவசம் இருக்கு. புது கிளட்ச் செட், புது பேரிங்கோட மாட்டித் தர்றேன், ஆறு மாசம் கியாரண்டி” என்றார். ரீகண்டிஷன் என்றால், பழைய பெட்டியைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றிப் புதுப்பித்தது என்று அர்த்தம். எங்கள் பழைய பெட்டியைக் கேட்டதற்கு, ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள்.

வண்டி வெளியே வந்ததிலிருந்தே நியூட்ரலில் கரகரவென்று சத்தம். ரிவர்ஸ் போட்டால் பல் கடித்தது. இதையெல்லாம் விட மோசம், ஆக்சிலரேட்டரை விட்டதும் நாலாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பாச்சலூர் மலையிலிருந்து லோடோடு இறங்கும்போது கியர் கழன்றால் இன்ஜின் பிடி போய்விடும், பாரம் முழுவதும் பிரேக் மேல்தான் விழும். அப்பா அந்த நிலையில் வண்டி ஓட்டியிருக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

திரும்பக் கொண்டுபோனால், “ஓட ஓட செட் ஆயிடும்ணே” என்றார்கள். பிறகு இன்ஜின் மவுண்டிங் போச்சு என்றார்கள், அதற்குத் தனிக் காசு. பிறகு கிளட்ச் சிலிண்டர், அதற்கும் காசு. கடைசியில், ஓட்டுறவருக்குக் கிளட்ச் பிடிக்கத் தெரியவில்லை என்று அப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்துப் பிழைத்த மனிதரிடம் சொல்கிற பேச்சா இது?

பழநியில் வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்பேனரையே தொடாமல் முதலில் சோதித்துப் பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டார், எல்லாம் சுலபமாக விழுந்தன. ஸ்டார்ட் செய்து போட்டால் ரிவர்ஸ் கடித்தது. அப்படியென்றால் பெடலை முழுதாக மிதித்தும் கிளட்ச் பிரியவில்லை. அடுத்து சத்தம். நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் கேட்கிறது, மிதித்தால் அடங்குகிறது. அது இன்புட் ஷாஃப்ட் பேரிங் சத்தம், அதாவது கிளட்சிலிருந்து பெட்டிக்குள் சுற்றைக் கொண்டுபோகும் தண்டின் பேரிங். இதுவே மிதிக்கும்போது மட்டும் கேட்டால் பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். நீங்களும் நிறுத்தி வைத்த வண்டியில், ஹேண்ட் பிரேக் போட்டு, இதைச் செய்து பார்க்கலாம்.

பெட்டியை இறக்கியதும் எல்லாம் வெளியே வந்தது. இன்ஜினையும், கிளட்சை மூடி பெட்டியை இன்ஜினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்கையும் நேர்கோட்டில் நிறுத்தும் டவல் பின் இரண்டுமே இல்லை. அவை இல்லாமல் போல்ட்டை மட்டும் முறுக்கினால் சென்டர் விலகும், ஷாஃப்ட் கோணலாகச் சுற்றும், பேரிங் அடிவாங்கும், கியர் கழலும். இன்புட் ஷாஃப்ட்டின் நுனியை இன்ஜின் பக்கம் தாங்கும் பைலட் பேரிங், புதிது என்று காசு வாங்கியது, பழையது. காய்ந்து இறுகிக் கிடந்தது, அதனால்தான் மிதித்தும் ஷாஃப்ட் நிற்காமல் சுற்றியது. கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் சூட்டில் நீலம் பாய்ந்த இடங்களின் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். வடித்த ஆயிலில் பித்தளைத் தூள் மின்னியது, கியர் சத்தமில்லாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங் தேய்ந்ததற்கு அது அடையாளம். ரீகண்டிஷனாவது ஒன்றாவது, ஏதோ வண்டியில் கழற்றியதைத் துடைத்து மாட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் தந்த பில்லில் “கியர்பாக்ஸ் வேலை” என்று ஒரே வரி. நீங்கள் வேலைக்கு விடும்போது ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், மாட்டுவதற்கு முன் பெட்டியின் நம்பரைப் படம் எடுங்கள், கழற்றிய சாமான் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் அங்கே வண்டியை விடாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ‘லோடு வண்டி வியாபாரத்துக்கு, கேஸ் நிற்காது’ என்று பயமுறுத்துவார்கள். சுயதொழில் செய்து பிழைக்க மட்டும் வாங்கிப் பயன்படுத்திய பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று ஒதுக்கவில்லை. நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம், பெட்டியை இறக்கும்போது எடுத்த வீடியோவையும் இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பையும் சேர்த்து. உங்கள் வண்டியைப் பிரிக்கும்போதும் முதல் போல்ட்டிலிருந்தே வீடியோ எடுங்கள்.