"டெஸ்ட் பண்ணியாச்சு, பக்காவா ஓடுது" என்றால் எதை டெஸ்ட் பண்ணினீர்கள் என்று கேளுங்கள்

பழைய கமடோர் 64 (எண்பதுகளின் வீட்டுக் கணினி) ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், காசை அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அனுப்பிவிட்டு அப்புறம் படித்தவன்.

விற்றவரின் பெயரைப் போடப்போவதில்லை. ஆளும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும், வித்தை ஒன்றுதான். அந்த வித்தையைச் சொல்லத்தான் வந்தேன்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: முழுசாகச் சோதித்தது, பக்காவாக ஓடுகிறது, கூடவே ஜாய்ஸ்டிக்கும் புது கேம் பேடும் இலவசம். இரண்டு நிமிட வீடியோவும் இருந்தது. கணினியைப் போட்டதும் வழக்கமான நீலத் திரை வருகிறது, 38911 பைட் காலி என்ற வரி தெரிகிறது. அடுத்த காட்சியில் ஒரு கேட்ரிட்ஜ் கேம். விற்பவரின் கை ஜாய்ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் இழுக்கிறது, திரையில் விண்கலம் அதற்கேற்ப நகர்கிறது, ஃபயர் அடித்தால் குண்டு பாய்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நானும் வாங்கிவிட்டேன்.

வீடியோவில் அவர் கீபோர்டை ஒரு தடவைகூடத் தொடவில்லை. இதைப் பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். கேட்ரிட்ஜ் செருகினால் கேம் தானாகவே தொடங்கிவிடும், ஒரு எழுத்துகூட அடிக்க வேண்டியதில்லை. ஏன் கேட்ரிட்ஜ் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெட்டி வந்ததும் அவர் தந்த பழைய பவர் சப்ளையை ஓரமாக வைத்துவிட்டேன். அந்தக் காலத்துச் செங்கல் சப்ளையில் ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் லைனில் அதற்கு மேல் ஏறி மெமரி சிப்புகளைச் சுட்டுவிடும். அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவன்தான் நான். ஏமாந்தது வேறு இடத்தில்.

முதல் இரண்டு நாள் ஒரு குறையும் தெரியவில்லை. டிஸ்க் டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டு டிரைவ் ஒன்றை மாட்டி, லோட் கட்டளை அடிப்பேன், ரன் அடிப்பேன், ஜாய்ஸ்டிக்கை எடுப்பேன். எல்லாம் ஓடியது. மூன்றாம் நாள் எலைட் போட்டேன்.

தெரியாதவர்களுக்கு: எலைட் என்ற விண்வெளி கேம் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதியது, பிறகு கமடோருக்கும் வந்தது. விண்கலத்தைத் திருப்புவதும் லேசர் அடிப்பதும் ஜாய்ஸ்டிக்கில். மற்றதெல்லாம் கீபோர்டில். வேகம் கூட்ட ஸ்பேஸ் பார், ஏவுகணைக்கு எம், வேறு நட்சத்திரத்துக்குத் தாவ எச். அன்றைய ஜாய்ஸ்டிக்கில் நான்கு திசைக்கு நான்கு சுவிட்சு, ஃபயருக்கு ஒன்று, ஆக மொத்தம் ஐந்துதான். அதற்கு மேல் வேலையுள்ள கேம் எதுவானாலும் இன்னொரு கையைக் கீபோர்டுக்கு இழுத்துக்கொள்ளும். இதற்கு மூத்தது அட்டாரி 400, 800 கணினிகளுக்கு டக் நியூபவர் எழுதிய ஸ்டார் ரெய்டர்ஸ். அதில் குறிபார்க்க ஜாய்ஸ்டிக், வேகத்துக்கு 0 முதல் 9 வரை எண்கள், முன்பக்கம் பார்க்க எஃப், பின்பக்கம் பார்க்க ஏ. அதையே 1982இல் கீபோர்டு இல்லாத அட்டாரி 2600க்குக் கொண்டுவந்தபோது, கேமோடு சேர்த்துத் தனியாக ஒரு பட்டன் பலகையையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஜாய்ஸ்டிக் மட்டும் வைத்துக்கொண்டு அந்த விளையாட்டை ஆடவே முடியாது. எனக்குப் பிடித்ததும் இந்த ஜாதி விளையாட்டுகள்தான்: வலது கை சண்டையில், இடது கை கணக்கு வழக்கில்.

எலைட்டின் தொடக்கத் திரை ஃபயரையோ ஸ்பேஸையோ அழுத்தச் சொல்லும். ஃபயர் அடித்து உள்ளே போனேன். லாவே என்ற கிரகத்தின் விண்வெளி நிலையத்தில் நிற்கிறேன், கையில் 100 கிரெடிட். எண் விசைகளை அழுத்தினால் வரைபடம் வருகிறது, சந்தை விலை வருகிறது. கிளம்பலாம் என்று எஃப்1 அழுத்தினேன். கலம் நகரவில்லை. இன்னும் அழுத்தி, கடைசியில் விரல் நோகும்வரை அழுத்தியும் லாவேயிலேயே நிற்கிறது.

அணைத்துவிட்டு நீலத் திரையில் எல்லா விசையையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசைக்கு வந்ததும் விஷயம் புரிந்தது. இசட் விழவில்லை, எக்ஸ் விழுந்தது. சி இல்லை, வி உண்டு. அடுத்த பி இல்லை, என் உண்டு. எம் இல்லை, கமா உண்டு. முற்றுப்புள்ளி இல்லை, சாய்கோடு உண்டு. வலது ஷிஃப்ட் இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று. ஸ்பேஸ் பாரும் எஃப்1உம் இதோடு சேர்த்தி.

அழுக்கால் போகிற விசைகள் இப்படி வரிசை பார்த்துப் போகாது. கமடோரின் கீபோர்டு எட்டுக்கு எட்டுக் கட்டம். எட்டுக் கம்பி ஒரு பக்கம், எட்டுக் கம்பி இன்னொரு பக்கம், சந்திக்கிற இடத்தில் ஒரு விசை. ரீஸ்டோர் விசை மட்டும் தனிவழி. மேலே சொன்ன எட்டு விசைகளும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. அந்தக் கம்பி போய்ச் சேர்வது சிஐஏ என்று சொல்லும் 6526 சிப்பில். அதே சிப்பின் அதே கால்களில்தான் ஜாய்ஸ்டிக் செருகும் இரண்டு போர்ட்டுகளும் இணைந்திருக்கின்றன. போர்ட் 1இன் ஃபயரும் ஸ்பேஸ் பாரும் ஒரே கம்பி. போர்ட் 2 மற்றப் பக்கத்து எட்டில் இருக்கிறது. போர்ட் 1இல் ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் திரையில் 1, 2 என்று கண்டது விழுவதும், பெரும்பாலான கேம்கள் போர்ட் 2 கேட்பதும் இதனால்தான்.

(இதை வைத்து எதிர்ப்பக்கமாக ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவரிடம், "ஜாய்ஸ்டிக்கைத் தொட்டா எழுத்து விழுது பாருங்க, கீபோர்டு ஷார்ட்" என்று சொல்லி ஒரு ரிப்பேர்காரர் வேறு கீபோர்டையே தலையில் கட்டிவிட்டார். போர்ட் 1இல் எழுத்து விழுவது கோளாறே அல்ல, அந்தக் கணினியின் பிறவிக் குணம்.)

இன்னொன்றும் பாருங்கள். லோட், மேற்கோள் குறி, நட்சத்திரம், கமா, 8, கமா, 1, ரன் என்று அடிக்கிறோமே, அதில் ஒரு எழுத்துகூட அந்தச் செத்த கம்பியில் இல்லை. ஷிஃப்ட் தேவையானாலும் இடது ஷிஃப்ட் நன்றாகவே இருக்கிறது. போர்ட் 2இல் ஜாய்ஸ்டிக், கையில் லோட் கட்டளை என்று மட்டும் இருப்பவன் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமலே விளையாடிக்கொண்டிருப்பான். விற்றவர் நம்பியதும் அதைத்தான்.

செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"சார், வீடியோவுல ஓடுச்சே, பாத்தீங்கள்ல?"

"கேம் ஓடுச்சுங்க. ஸ்பேஸ் பார் அடிச்சுக் காட்டலையே?"

"கேமுக்கு ஜாய்ஸ்டிக் போதும் சார். டைப் அடிக்கவா வாங்குனீங்க?"

சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் போனில் கூப்பிட்டார், குரல் மாறியிருந்தது. கீபோர்டு ரப்பரில் அழுக்கு இருக்கும், கழற்றி ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் நிச்சயம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அழுக்கு இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அவர் சொன்னதைச் செய்துவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காதே என்று கழற்றினேன். பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடித் திருகுகள், ஷிஃப்ட் லாக்கின் இரண்டு ஒயரையும் பற்றவைப்பிலிருந்து எடுத்தாக வேண்டும். ஒரு சாயங்காலமே போனது. திரும்ப மாட்டினால் இசட் இல்லை, எக்ஸ் உண்டு.

கீபோர்டு மேல் தப்பில்லை என்று காட்ட ஒரே வரியில் ஒரு நிரல் எழுதினேன்: போர்ட் 1இன் நிலை தெரியும் 56321 என்ற மெமரி முகவரியைப் பீக் செய்து (படித்து) திரையில் அச்சிடு, திரும்பத் திரும்ப. செத்த விசை ஒன்றுகூட இல்லாமல் இதை அடித்துவிடலாம், அதுவே பெரிய பாக்கியம். போர்ட் 1இல் ஜாய்ஸ்டிக். சும்மா இருக்கும்போது 255. மேலே தள்ளினால் 254, கீழே 253, இடது 251, வலது 247. ஃபயர் அடித்தால் 239 வர வேண்டும். 255இலேயே நின்றது. கீபோர்டின் இணைப்பை முழுசாகப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை ஃபயர் அடித்தேன், அப்போதும் 255. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன்.

வந்த பதில்: "நீங்க கழட்டியிருக்கீங்க சார். கழட்டுன மெஷினை நாங்க எடுக்க மாட்டோம்."

கழற்றச் சொன்னதே அவர்தான். ஆனால் அதைச் சொன்னது போனில், நான் கழற்றியதற்கு மட்டும் படம் இருக்கிறது, அதுவும் நானே அனுப்பிய வீடியோவில். வாங்கிய பொருளில் குறை தெரிந்தால் விற்றவர் என்ன சொன்னாலும் திருகில் கை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், "கழற்றினாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி இழக்க என்ன இருக்கிறது என்று மெயின் போர்டையும் திறந்தேன். யு1 என்று அச்சிட்ட இடத்தில் சிஐஏ, சாக்கெட்டில். சாக்கெட் இருப்பதில் மட்டும் சந்தேகப்பட ஒன்றுமில்லை, ஆனால் சுற்றிலும் பற்றவைத்த பசை பளபளவென்று புதிதாக இருந்தது. சிப்பை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நாற்பது கால் இருக்க வேண்டிய சிப்பில் முப்பத்தொன்பது. வெட்டுக்குறியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பதினாலாவது கால் தோளோடு முறிந்திருந்தது. அந்தக் கால்தான் நம் எட்டு விசைகளின் கால். முறிந்த துண்டு சாக்கெட்டின் துளையில் இருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பார்த்தேன், துளை காலி. மாட்டிய பிறகு முறிந்திருந்தால் துண்டு உள்ளே நின்றிருக்கும். கால் போன சிப் என்று தெரிந்தேதான் யாரோ மாட்டியிருக்கிறார்கள், மாட்டிவிட்டுப் போர்ட் 2இல் ஜாய்ஸ்டிக்கைச் செருகி வீடியோ எடுத்திருக்கிறார்கள்.

அந்த "இலவச" கேம் பேடையும் சொல்லிவிடுகிறேன். செகா மெகா டிரைவ் என்ற கேம் கன்சோலுக்கான பேட் அது. ஒன்பது முனைச் செருகி அச்சாகப் பொருந்துகிறது, பொருந்துவதுதான் ஆபத்து. கமடோர் எதிர்பார்ப்பது வெறும் சுவிட்சு: அழுத்தினால் கம்பியைத் தரையோடு (கிரவுண்ட், 0 வோல்ட்) சேர்க்கும், விட்டால் சும்மா இருக்கும். செகா பேடுக்குள் ஒரு சிப் இருக்கிறது, அது விட்ட நிலையிலும் கம்பியை 5 வோல்ட் பக்கம் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கீபோர்டைப் படிக்க அதே கம்பியைச் சிஐஏ கீழே இழுக்கும். ஒரே கயிற்றை இரண்டு பேர் இழுக்கிறார்கள், சிப் சூடாவதுதான் மிச்சம். எம்எஸ்எக்ஸ் என்ற பழைய கணினி வகையின் ஜாய்ஸ்டிக்கிலும் இதே கதை, இன்னும் மோசம்: அதன் இரண்டாவது பட்டனைக் கமடோரில் அழுத்தினால் 5 வோல்ட்டும் தரையும் நேராக முட்டிக்கொள்ளும். செருகி பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகாதீர்கள். ஸ்பெக்ட்ரம் +2 என்ற பழைய கணினியை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் போர்ட்டின் வயரிங் வேறு, சாதாரண ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை என்றால் கணினி மேல் பழி போடாமல் மாற்றிச் செருகும் அடாப்டரைத் தேடுங்கள்.

அடுத்து வாங்கப்போகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய வீடியோ இதுதான்: வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக, நீலத் திரையில் எல்லா விசையையும் வரிசையாக அடித்துக் காட்டட்டும், ஸ்பேஸும் இரண்டு ஷிஃப்டும் எஃப் விசைகளும் உட்பட. அப்புறம் பீக் நிரலை இரண்டு போர்ட்டுக்கும் ஓட்டட்டும். போர்ட் 2க்கு 56320, சும்மா இருந்தால் 127, ஃபயருக்கு 111. கடைசியாக எலைட் மாதிரி ஒன்றைப் போட்டு, ஒரு கை ஜாய்ஸ்டிக்கிலும் ஒரு கை கீபோர்டிலும் இருக்க ஒரு நிமிடம் ஆடட்டும். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று இழுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கேட்ரிட்ஜ் வீடியோ மட்டும் போட்டிருப்பவரிடம் நான் இனி பேச்சே வைத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் அநியாயமாகக்கூட இருக்கலாம், நல்லவர்களும் கேட்ரிட்ஜ் போடுவார்கள். பரவாயில்லை.

வேறு சிப் தேடிப் பிடித்து மாட்டிவிட்டேன். எஃப்1 அழுத்தியதும் கலம் லாவேயை விட்டு வெளியே வந்தது. திரும்பி உள்ளே நுழையும்போது நிலையத்தின் சுவரில் மோதிச் செத்தேன், அதற்கு விற்றவர் பொறுப்பல்ல.

அந்த விளம்பரம் நேற்றுவரை அப்படியே இருந்தது. கமடோர் வேறு, வீடியோ அதே வீடியோ.