பயிற்சித்தாளா, கதைநூலா: சீன மேல்நிலை மாணவரின் ஆங்கில வாசிப்புக்கு எது உதவும்?

சீனாவில் மேல்நிலைப் பள்ளியின் முதலாண்டில் சேரும் மாணவருக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி என்பது பெரும்பாலும் ஒரு பத்தியைப் படித்து, நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிப்பதாகவே இருக்கிறது. ஜியாங்சு மாகாணத்தின் சூச்சோ நகரில் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, வாசிப்புக்கென வாரந்தோறும் கிடைக்கும் சிறிது நேரத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. என் முன் மூன்று வழிகள் இருந்தன. பழைய தேர்வுத் தாள்களும் மாதிரித் தாள்களும் அடங்கிய பயிற்சித் தொகுப்புகள் ஒன்று. மாணவருக்கென்றே வெளிவரும் ஆங்கில வார இதழ் இன்னொன்று. சொல்லளவு வரையறுத்து எளிமைப்படுத்தப்பட்ட கதைநூல்கள் மூன்றாவது. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இதே முடிவின் முன் நிற்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் இருப்பார்கள் என்பதால் என் காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பார்ப்போம். ‘காவ்காவ்’ எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். ஜியாங்சு உட்படப் பல மாகாணங்கள் எழுதும் புதிய தேசிய முதல் தாளில் வாசிப்புக்கு மட்டும் 50 மதிப்பெண் இருக்கிறது. ஏ, பி, சி, டி என்ற நான்கு பத்திகளின்மேல் 15 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2.5 மதிப்பெண், அடுத்து, பத்தியில் விடுபட்ட ஐந்து இடங்களுக்கு ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தைப் பொருத்தும் பகுதிக்கு 12.5. ஏ பத்தி பெரும்பாலும் அறிவிப்பு, விதிமுறை, சுற்றுலாத் தகவல் போன்றது. 2023-இல் ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகைக்கு எடுப்பது பற்றி வந்தது. டி பத்தியோ அறிவியல் ஆய்வுச் செய்தியாக இருக்கும். 2022-இல் மனிதர் சில மெய்யொலிகளை உச்சரிக்கத் தொடங்கியதற்கும் அவர்களுடைய பல்லமைப்புக்கும் உள்ள தொடர்பு பற்றியும், 2023-இல் பலர் தனித்தனியே செய்யும் மதிப்பீடுகளின் சராசரி ஏன் உண்மையை நெருங்குகிறது என்பது பற்றியும் கேட்டார்கள். பதினேழு, பதினெட்டு வயது மாணவர் ஒருவர் இந்த நான்கையும் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் படித்து விடை குறித்தாக வேண்டும்.

பயிற்சித் தொகுப்புகளின் பலம் வெளிப்படையானது. ‘வூ-சான்’, அதாவது ‘ஐந்து-மூன்று’ என்று மாணவர்கள் சுருக்கிச் சொல்லும் புகழ்பெற்ற தொகுப்பின் முழுப்பெயரே ஐந்தாண்டு காவ்காவ், மூன்றாண்டு மாதிரித் தேர்வு என்பதுதான். தேர்வு எப்படி இருக்கும், எத்தகைய வினா எந்த இடத்தில் வரும், தவறான விடைகள் எப்படிப் புனையப்படுகின்றன என்பதையெல்லாம் இவை காட்டும் அளவுக்கு வேறு எதுவும் காட்டாது. விவரம் கேட்கும் வினா, ஊகித்தறியும் வினா, மையக்கருத்து வினா, சொற்பொருள் ஊகிக்கும் வினா என்று நான்காகப் பிரித்து ஆசிரியர் விளக்குவதற்கும் வசதியாக இருக்கும். மதிப்பெண் உடனே தெரிந்துவிடுவதால் பெற்றோர் கூட்டத்தில் காட்டவும் கையில் ஒன்று இருக்கும். இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தத் தொகுப்புகளுக்குள்ளேயே உண்மையான பழைய தாள்களுக்கும், அவற்றைப் பார்த்து யாரோ எழுதிய மாதிரித் தாள்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பழைய தாளில் ஒவ்வொரு தவறான விடையும் பத்தியின் ஏதோ ஒரு வரியைத் தவறாகப் படித்தவருக்கு மட்டும் சரியாகத் தோன்றும்படி அமைக்கப்பட்டிருக்கும். மாதிரித் தாள்களில் அந்த நுட்பம் பல நேரங்களில் இருப்பதில்லை. இரண்டு விடைகளுமே பொருந்துவதாகத் தோன்றும், விளக்கக் குறிப்பும் எதையும் தெளிவுபடுத்தாது. இவற்றையே நாள்தோறும் செய்யும் மாணவர்கள் வாசிப்பைவிட உத்திகளையே அதிகம் கற்கிறார்கள். ‘எப்போதும்’, ‘மட்டுமே’ போன்ற அறுதிச் சொற்கள் வந்தால் அந்த விடையைத் தள்ளிவிடு என்பது ஒன்று. மூன்று விடைகள் நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் குட்டையானதைக் குறி, மூன்று குட்டையாக இருந்தால் நீளமானதைக் குறி என்று சீன மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வாய்ப்பாடு இன்னொன்று. நன்கு அமைந்த தாளில் இவை கைகொடுப்பதில்லை.

வார இதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சைனா டெய்லி நிறுவனம் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆண்டுவாரியாக வெளியிடும் ஆங்கில இதழ் போன்றவை தரமானவை. நடப்புச் செய்திகள், அறிவியல், பண்பாடு என்று பரப்பும் விரிவானது. இரண்டாமாண்டின் பின்பாதியில், சி, டி பத்திகளுக்குத் தேவையான செய்தி நடைக்குப் பழக இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டுரையும் புதிய பொருள், புதிய சொற்கள் என்று வருவதால், முதலாண்டில் தடுமாறும் மாணவருக்கு அது இன்னொரு பயிற்சித்தாளாகவே ஆகிவிடுகிறது. திறன்பேசிச் செயலிகளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. 2021 ஜனவரியில் கல்வி அமைச்சகம் பள்ளி வளாகத்துக்குள் மாணவர் கைப்பேசி கொண்டுவருவதைப் பொதுவாகத் தடை செய்துவிட்டது. அன்றாடப் பயிற்சி அச்சுத் தாளில்தான் நடந்தாக வேண்டும்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். ஒரு பக்கத்தில் மாணவருக்குத் தெரியாத சொற்கள் எத்தனை என்பதுதான் அது. விலை, வினாக்களின் தரம், ஆர்வம் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

வகுப்பில் நடுநிலையில் இருக்கும் மாணவர் ஒருவரின் பயிற்சித்தாளை வாங்கிப் பாருங்கள். டி பத்தியின் ஆங்கில வரிகளுக்கு மேலே, பென்சிலால், எறும்பு ஊர்வதுபோல் சிறுசிறு சீன எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தெரியாத சொல்லுக்கும் அகராதியைப் பார்த்துச் சீனப் பொருளை எழுதியிருப்பார். முதல் இரண்டு வரிகளில் இடைவெளி விட்டு வரும் அந்தக் குறிப்புகள் மூன்றாம் வரிக்குப் பிறகு நெருங்கிக்கொண்டே போகும். வினாவுக்கு விடை தேடும்போது அவருடைய கண் ஆங்கில வரியைத் தொடுவதே இல்லை. மேலே எழுதிய சீனச் சொற்களைக் கோத்து ஒரு பொருளை ஊகித்துக்கொள்கிறார். விடை சரியாக அமைந்தாலும் அங்கே நடந்தது ஆங்கில வாசிப்பு அன்று. மிகுந்த உழைப்பு அது. இரவு நேரத் தற்படிப்பு வகுப்பில் முக்கால் மணி நேரம் அதற்கே போய்விடுகிறது. இத்தனை உழைப்பும் வாசிப்புத் திறனாக மாறாமல் வீணாவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஹூ, பால் நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஒரு கதைப்பகுதியை வெளி உதவியின்றிப் போதிய அளவு புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கூறியது. அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். முந்நூறு சொற்கள் கொண்ட பத்தியில் ஆறு. பத்துக்கு ஒன்று தெரியவில்லை என்றால் அதே பத்தியில் முப்பது சொற்கள் தெரியாது. அந்த நிலையில் ஊகித்தறியும் வினா, மையக்கருத்து வினா என்று வகை பிரித்துச் சொல்லிக்கொடுப்பதால் மாணவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட சொற்கள் சிலவற்றுக்குத் தேர்வுத்தாளிலேயே அடைப்புக்குறிக்குள் சீனப் பொருள் தரப்படுகிறது என்றாலும், முதலாண்டு மாணவருக்குப் பாடத்திட்டத்துக்கு உட்பட்ட சொற்களிலேயே பெரும்பகுதி இன்னும் வசப்பட்டிருக்காது. மூன்று ஆண்டுகளின் முடிவில் சுமார் 3000 சொற்களை அறிந்திருப்பவருக்கென எழுதப்பட்ட பத்தியை, அதில் பாதி மட்டுமே அறிந்தவர் முன் முதல் மாதத்திலேயே வைக்கிறோம்.

தரப்படுத்திய கதைநூல்கள் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. சீனாவில் எளிதாகக் கிடைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையை எடுத்துக்கொண்டால், இரண்டாம் நிலை நூல்கள் 700 அடிப்படைச் சொற்களுக்குள்ளும், மூன்றாம் நிலை 1000, நான்காம் நிலை 1400, ஐந்தாம் நிலை 1800, ஆறாம் நிலை 2500 என்ற அளவுகளுக்குள்ளும் எழுதப்பட்டவை. மாணவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தப் படியிலிருந்தே தொடங்க முடிகிறது. ஒரு பக்கத்தைப் புரட்டி, தெரியாத சொற்களை விரல்விட்டு எண்ணச் சொல்கிறேன். ஒரு கை விரல்களைத் தாண்டினால் கீழ்நிலை நூலுக்கு அனுப்பிவிடுகிறேன். ஆய்வுக்கூட அளவுகோல் அல்ல என்றாலும் போதுமானது.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாம் நிலை நூல் ஒன்றில் சுமார் பத்தாயிரம் சொற்கள் வரும். கதை ஒன்றே என்பதால் அதே சொல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். பயிற்சித்தாளில் முதல் நாள் ஆம்ஸ்டர்டாம், மறுநாள் பல்லமைப்பு, அதற்கடுத்த நாள் கோழி வளர்ப்பு என்று போவதால், பார்த்த சொல்லை மறுபடி பார்ப்பதற்குள் அது மறந்துபோகிறது. அளவைப் பார்த்தாலும் இதே கதைதான். 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வரையறை, வகுப்புக்கு வெளியே வாரத்துக்குச் சராசரியாக 1500 சொற்களுக்குக் குறையாமலும், அடுத்த கட்டத்தில் 2500 சொற்களுக்குக் குறையாமலும் படிக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு ஒரு பயிற்சிப் பத்தி செய்பவர் முதல் அளவை எப்படியோ எட்டிவிடுவார். அதற்கு மேல் போக அவருக்கு நேரம் இருக்காது. கதைநூல் படிப்பவர் அதே நேரத்தில் பல மடங்கு படித்துவிடுகிறார், அகராதியைத் திறக்காததால்.

இதனால் எத்தனை மதிப்பெண் கூடும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வாசிப்புப் பகுதியில் கூடுவதை உடனே எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் புதிய தாளில் 25 மதிப்பெண்ணுக்கு இருக்கும் ‘படித்துத் தொடர்ந்து எழுதுதல்’ பகுதியில் பலன் கண்கூடாகத் தெரிகிறது. ஒரு கதையின் முற்பகுதியைக் கொடுத்து, அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்களையும் கொடுத்து, மீதியைச் சுமார் 150 சொற்களில் மாணவரே முடிக்க வேண்டும். 2024-இல் வியன்னாவில் அவசரமாக வண்டி பிடிக்கும் பயணி ஒருவரையும் அவருக்கு உதவும் டாக்சி ஓட்டுநரையும் பற்றிய கதை வந்தது. கதைகளே படிக்காமல் பத்திகளை மட்டும் அறுத்துப் பார்த்துப் பழகியவர்கள், மனப்பாடம் செய்த அழுகையும் நடுக்கமும் நிறைந்த அலங்கார வரிகளை அங்கே கொட்டுகிறார்கள். கதை படித்தவர்கள் அந்த ஓட்டுநரை ஏதாவது பேசவைக்கிறார்கள். அவர் பேசத் தொடங்கினால் கதை தானாக நகர்கிறது.

கதைநூல்களுக்குக் குறைகள் உண்டு. டி பத்தியில் வரும், துணைவாக்கியத்துக்குள் துணைவாக்கியமாக நீளும் அமைப்பு எளிமைப்படுத்திய கதைகளில் கிடைக்காது. தேர்வு இல்லாததால், படிக்காமலே படித்ததாகச் சொல்வதும் எளிது. சீன மொழிபெயர்ப்பும் சேர்ந்து வரும் இருமொழிப் பதிப்புகள்தாம் கடைகளில் அதிகம் என்பதால், கண் அந்தப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வகுப்பு நூலகத்துக்கு ஆங்கிலம் மட்டும் உள்ள பதிப்புகளையே வாங்கினேன். படித்தார்களா என்று அறிய வினாத்தாள் தருவதில்லை. ஓர் அத்தியாயத்தின் முடிவில் நூலை மூடிவைத்து, அடுத்து என்ன நடக்கும் என்று ஐந்தாறு வரி எழுதச் சொல்கிறேன். படிக்காதவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். செலவைப் பொறுத்தவரை, நூல்கள் கைமாறிக் கைமாறிப் பல ஆண்டுகள் உழைக்கும், பயிற்சித் தொகுப்போ ஒருமுறை எழுதியதும் முடிந்துவிடும்.

நான் சொல்வது முதலிரண்டு ஆண்டுகளில், நடுநிலை மாணவரோடு பழகிய அனுபவம் மட்டுமே. மூன்றாமாண்டின் இறுதி மாதங்களில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் நேரக் கட்டுப்பாட்டோடு முழுத்தாள் எழுதவைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே அதுதான் தேவையாக இருக்கலாம். ஷாங்காய், பெய்ஜிங் போன்ற நகரங்கள் தங்களுக்கென்று தனித் தாள் வைத்திருக்கின்றன. அங்குள்ள மாணவரோடு எனக்குப் பழக்கமில்லை. ஏற்கெனவே ஆங்கில நாவல்களைத் தாமாகவே படிக்கும் நகரத்துப் பிள்ளைகளுக்கு எளிமைப்படுத்திய நூல்கள் சலிப்பூட்டக்கூடும்; அவர்கள் நேரே வார இதழுக்கோ அயல்நாட்டு ஏடுகளுக்கோ போகலாம்.

பயிற்சித் தொகுப்பை நான் அடியோடு விலக்கவும் இல்லை. முதலாண்டில் அதைத் தொடுவதில்லை. இரண்டாமாண்டில், உண்மையான பழைய தாள்களிலிருந்து வாரம் ஒரு பத்தியை எடுத்து, முதல் வாசிப்பில் வினாக்களை மறைத்து வைத்துவிட்டு, பத்தி என்ன சொல்கிறது என்று மாணவரையே இரண்டு வாக்கியத்தில் சொல்ல வைக்கிறேன்; அதன் பிறகே வினாக்களைத் திறக்கிறோம். ஒவ்வொரு தவறான விடையும் எந்த வரியைத் தவறாகப் படித்ததால் பிறந்தது என்று தேடிப் பிடித்து, அந்த வரியைத் தவற்றுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். இதற்கு மேல் மாதிரித் தாள் வாங்க நினைக்கும் பெற்றோரிடம், அந்தப் பணத்தில் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற கதைநூல் இரண்டை வாங்கிக்கொடுங்கள் என்றே சொல்கிறேன். முதலாண்டில் சேர்ந்த நடுநிலை மாணவர் என்றால் இரண்டாம் நிலையில் ஒன்று, மூன்றாம் நிலையில் ஒன்று.