கமுதியில் வெயில் சாய்ந்த பிறகு: உப்பூர் நிலக்கரியா, வழுதூர் வாயுவா, பேட்டரியா?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் ஓடத் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் நிலையம், நல்ல வெயில் நாளில் சுமார் 30 லட்சம் யூனிட் கொடுக்கக்கூடியது. மாலை ஆறரைக்கு அதிலிருந்து ஒரு யூனிட் வராது. சூரியனின் இயல்பு அது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் வீட்டுக்கு வீடு விளக்கு, ஃபேன், மோட்டார், ஏசி என்று ஒவ்வொன்றாகப் போடுகிற நேரமும் அதேதான். காற்றாலை கைகொடுக்குமே என்று கேட்கலாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கொடுக்கும், சில நாள் தேவைக்கு மேலேயே கொடுக்கும். மார்ச், ஏப்ரலில் காற்று இன்னும் கிளம்பியிருக்காது, வெக்கை மட்டும் வந்துவிடும். 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் உச்சத் தேவையைத் தொட்ட மாநிலம் இது. அந்தக் கோடை நாட்களில் சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணிக்குள் விறுவிறுவென்று ஏறிக்கொடுக்கவும், மறுநாள் காலை வெயில் ஏறியதும் மரியாதையாக இறங்கிக்கொள்ளவும் ஒரு மின்நிலையம் வேண்டும். அந்த வேலைக்கு யார் சரியான ஆள் என்பதுதான் இங்கே கேள்வி.

மின்நிலையங்களை ஒப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "யூனிட் என்ன விலை?" என்றுதான். இந்த வேலைக்கு அது மட்டும் போதாது. எவ்வளவு சீக்கிரம் ஏறும், எவ்வளவு கீழே இறங்கும், ஏறினால் எத்தனை மணி நேரம் தாங்கும், சும்மா நிற்கும் நேரத்துக்கு என்ன செலவு என்று நாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

முதலில் நிலக்கரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூரைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த அனல்மின் திட்டம் தெரியும். இரண்டு 800 மெகாவாட் அலகுகள், மொத்தம் 1,600. 2021இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, அப்புறம் அரசு திட்டத்தை உடன்குடிப் பக்கம் மாற்ற முடிவெடுத்தது. மீனவர்களின் எதிர்ப்பு, கடலுக்குள் போகும் சுடுநீர் எல்லாம் நிறையப் பேசப்பட்டவை, நியாயமானவையும்கூட. நான் கேட்பது வேறு: அது வந்திருந்தால் இந்த மாலை நேர வேலைக்கு உதவியிருக்குமா? 2023இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த விதிப்படி நிலக்கரி அலகுகள் தங்கள் திறனில் 40 சதவீதம் வரை இறங்கி ஓடப் பழக வேண்டும், அதுவும் படிப்படியாக. அதற்கு முன் 55 சதவீதம்தான் கணக்கு. 1,600இல் 40 சதவீதம் 640 மெகாவாட். அதாவது உச்சி வெயிலில், முடிந்த அளவுக்கு ஒடுங்கி ஓடினாலும், கிட்டத்தட்ட கமுதி முழுவதற்கும் சமமான இடத்தை அது கம்பியில் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தைக் கொடுக்க வேண்டுமென்றால் ஓசியில் வரும் வெயில் மின்சாரத்தைத்தான் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, பகலில் நிறுத்திவிட்டு மாலையில் ஏற்றலாமே? பாய்லர் ஆறிப்போனால் மறுபடி நீராவி ஏற்றி முழு லோடுக்கு வர எட்டு, பத்து மணி நேரம் ஆகும், இன்னும் கூடவும் ஆகலாம். தினமும் இப்படிச் சூடேற்றி ஆறவிட்டால் குழாய்கள் விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். ஓடிக்கொண்டிருக்கும் அலகுகூட 70 சதவீதத்துக்கு மேலே இருக்கும்போது நிமிடத்துக்கு 3 சதவீதம் ஏறினால் போதும் என்பதுதான் விதி, 40க்கும் 55க்கும் இடையில் நிமிடத்துக்கு 1 சதவீதம்தான். கப்பலைத் திருப்புவதற்கும் வல்லத்தைத் திருப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இருக்கிற நிலக்கரி அலகுகளைக் கீழே இறங்கப் பழக்குவது கட்டாயம் நடக்க வேண்டிய வேலை, ஆனால் இந்தத் தேவைக்காகப் புதிதாக ஒன்று கட்டுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை. உப்பூரில் விமானமில்லாத கருவறையில் வெயிலை விரும்பி உட்கார்ந்திருக்கும் வெயிலுகந்த விநாயகர் இருக்கிறார், அந்த ஊர்க் கடற்கரைக்கு நிலக்கரி வராமல் போனதில் எனக்கு மனசார நிம்மதி.

அடுத்தது வழுதூர், நம் மாவட்டத்தின் சொந்தச் சொத்து. ஓ.என்.ஜி.சி. கிணறுகளிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவில் ஓடும் நிலையம். 2003இல் வந்த முதல் அலகு 95 மெகாவாட், அடுத்தது 92 மெகாவாட். வாயு என்றதும் எல்லோரும் "டக்கென்று ஏறும், டக்கென்று இறங்கும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள், இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் அலகில் வாயு டர்பைன் 60 மெகாவாட், அதன் சூடான புகையைப் பிடித்து நீராவி ஆக்கி ஓட்டும் டர்பைன் 35 மெகாவாட். வாயு டர்பைன் பத்து, இருபது நிமிடத்தில் எழுந்துவிடும், நீராவிப் பகுதி எழ அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அவசரத்துக்கு வாயு டர்பைனை மட்டும் ஓட்டினால், 95 வரவேண்டிய அதே வாயுவுக்கு 60தான் கையில் வரும். தினமும் சாயங்காலம் மூன்றில் ஒரு பங்கை இப்படிப் புகையாக விட எந்த வாரியத்துக்கும் கட்டுப்படியாகாது.

இதைவிடப் பெரிய சிக்கல் டர்பைனில் இல்லை, கிணற்றில் இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து வரும் வாயு ராத்திரி பகல் பார்க்காமல் ஒரே சீராக வரும். காலையில் மூடி மாலையில் திறக்கிற குழாய் அல்ல அது, அடிக்கடி அப்படிச் செய்தால் கிணற்றுக்கே கேடு. வந்ததை அப்படியே எரித்தாக வேண்டும் என்ற நிலையில், மதியம் வெயில் மின்சாரம் வழிகிறபோதும் வாயு நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்குப் பணம் கட்டு என்கிற வாயு ஒப்பந்தங்களும் உலகம் முழுக்க இதையேதான் செய்யவைக்கின்றன. 2021 பிப்ரவரியில் ராமநாதபுரம்–தூத்துக்குடி வாயுக்குழாய், 143 கிலோமீட்டர், நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது நம் பக்கத்தில் பலர் அதைத் தொழிற்சாலைகளுக்கான செய்தியாக மட்டும் பார்த்தார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு வாய்ப்பு: நீளமான குழாயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சில மணி நேர வாயுவைத் தாங்கவைக்க முடியும், வேறு வாங்குபவர்களும் இருப்பார்கள், அதனால் வழுதூர் மதியம் ஓய்ந்திருந்து மாலையில் எழ வழி உண்டாகும்.

அப்படி ஒரு நாள் வந்தால் அங்கே எந்த இயந்திரம் இருக்க வேண்டும்? பத்து, இருபது மெகாவாட் அளவில் வரிசையாக நிறுத்தும் வாயு என்ஜின்கள் என்பேன். கார் என்ஜின் போல பிஸ்டன் உள்ளவைதான், அளவுதான் ஒரு வீட்டளவு. ஐந்து நிமிடத்துக்குள் முழு லோடுக்கு வந்துவிடும். 100 மெகாவாட் வேண்டாம், 30 போதும் என்றால் மூன்றை மட்டும் ஓட்டலாம், ஒவ்வொன்றும் தன் முழுத் திறனில் ஓடுவதால் எரிபொருள் வீணாகாது. ரேடியேட்டரில் மூடிய சுற்றாகத் தண்ணீர் ஓடுவதால் புதுத் தண்ணீர் மிகக் குறைவாகவே வேண்டும், காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கும் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, புயல். சுற்றிலும் மின்சாரமே இல்லாத நேரத்தில், அழுத்தக் காற்றை வைத்தே இவை தாமாகக் கிளம்பும், ஒரு சப் ஸ்டேஷனை உயிர்ப்பித்து அங்கிருந்து ஒவ்வொரு ஊராக விரிக்கலாம். கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் எத்தனை ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும் (கம்பங்கள் சாய்ந்தது வேறு கதை, அதை எந்த மின்நிலையமும் நிமிர்த்தாது).

குறை என்னவென்றால் வாயுவும் கரிதான். நிலக்கரியில் பாதி அளவு கரியமில வாயு, கசிந்தால் மீத்தேன். வழுதூருக்காகப் புதுக் கிணறு தோண்டு என்று நான் சொல்ல மாட்டேன், வருடம் முழுக்க ஓட்டு என்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது பேட்டரி. தினசரி மாலை வேலைக்கு இதற்கு நிகர் இல்லை, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எழும், எரிபொருள் வேண்டாம், புகை இல்லை, மதியம் மிஞ்சும் வெயிலை வாங்கிக்கொள்ளும் என்பதால் கீழே இறங்குவதிலும் மற்றவர்களை மிஞ்சிவிடுகிறது. போட்டதில் ஏறக்குறைய 85 சதவீதம் திரும்பி வரும். கமுதியின் ஒரு நாள் விளைச்சலில் நாலில் ஒரு பங்கை, சுமார் ஏழரை லட்சம் யூனிட்டை, மாலைக்குத் தள்ளிவைத்தால், இழப்பு போக, சுமார் 160 மெகாவாட்டை நாலு மணி நேரம் கொடுக்கலாம். வழுதூரின் மொத்தத் திறனைவிட அது கொஞ்சம்தான் குறைவு. விலையும் நம்ப முடியாத அளவு இறங்கிவிட்டது: இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு 2022 டெண்டரில் மெகாவாட்டுக்கு மாத வாடகையாக 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள், 2024 கடைசியில் வேறொரு மாநிலத்தில் இரண்டரை லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது.

நம் கடற்கரைக்கு வரும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் இன்சுலேட்டர்களில் உப்பு படிந்து வெள்ளையாகப் பூத்திருக்கும், அதிகாலைப் பனியில் நனைந்ததும் அதன் மேலேயே மின்சாரம் ஊர்ந்து "சிர்ர்" என்று சத்தம் கேட்கும், சில நாள் நீலப் பொறியும் பறக்கும். அந்தக் காற்றில் பேட்டரி கன்டெய்னர்களை வைத்தால் குளிரூட்டும் கருவியின் துடுப்புகள் சீக்கிரம் அரித்துப்போகும், வெக்கைக்கு அந்தக் குளிரூட்டியே நாள் முழுக்க ஓட வேண்டும். எனவே கரையில் வைக்காமல் உள்ளே தள்ளி, கமுதி சப் ஸ்டேஷன் ஒட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து வானம் மூடிக் கிடந்து காற்றாலையும் மந்தமாக இருந்தால், நாலு மணி நேர பேட்டரி முதல் நாள் ராத்திரியே காலி, மறுநாள் நிரப்ப ஒன்றும் இருக்காது. அந்த மாதிரி நாட்களுக்குத்தான் வழுதூர்.

மலை அணைகளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம், ஏனென்றால் நம் கையில் இல்லை. ஆனைமலையில் உள்ள கடம்பாறையில் 1980களிலேயே 400 மெகாவாட், நீலகிரிக் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம். மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்குவது. சில நிமிடத்தில் எழும், பல மணி நேரம் தாங்கும், பல பத்தாண்டு உழைக்கும். இங்கே ஏன் முடியாது? நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்கூட உதவாது, தண்ணீருக்கு உயரம் வேண்டும். 300 மீட்டர் உயரத்திலிருந்து ஆயிரம் லிட்டர் விழுந்தால் முக்கால் யூனிட் வரும், ஐந்து மீட்டர் கரையிலிருந்து அதே முக்கால் யூனிட்டுக்கு அறுபதாயிரம் லிட்டர் வேண்டும்.

யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்றை நான் சேர்க்கிறேன்: ஐஸ் கம்பெனிகள். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கேன்களை இறக்கி அம்மோனியா கம்ப்ரஸரை ஓட்டினால் ஒரு பார் ஐஸ் கட்ட ஒரு நாள் அளவுக்கு நேரம் எடுக்கும். நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் கம்ப்ரஸர் நின்றாலும் தொட்டி குளிரைத் தாங்கும். மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "சாயங்காலம் நிறுத்துறதுல ஒண்ணும் இல்ல தம்பி, எப்ப நிறுத்தணும்னு முந்தின நாளே சொல்லிட்டா போதும். விசைப்படகு கடலுக்குப் போற நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் கேக்காதீங்க" என்றார். வெயில் நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து உச்ச நேரத்தில் கூட்ட வேண்டும் என்று மத்திய அரசின் 2023 விதி சொல்கிறது. அந்தச் சலுகையை இந்தக் கரையில் உள்ள ஐஸ் கம்பெனிகளுக்கு ஒழுங்காகக் கொண்டுசேர்த்தால், ஒரு பைசா இயந்திரம் வாங்காமலே சாயங்கால லோடு கொஞ்சம் குறையும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவர்களுக்கு வேலை குறைவு, அதனால் கோடை உச்சத்தில் இதை அதிகம் நம்ப முடியாது.

ஆக என் தேர்வு இது: தினசரி மாலைக்கு கமுதியில் பேட்டரி, கூடவே ஐஸ் கம்பெனிகளின் ஒத்துழைப்பு, மூடிய வானத்துக்கும் புயலுக்கும் வழுதூரில் வாயு என்ஜின்கள், மலையில் கிடைப்பது கிடைக்கட்டும், கரையில் புது நிலக்கரி வேண்டாம். இதில் அதிகம் தடுக்கப்போவது பணம் கொடுக்கும் முறைதான். வருடத்தில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடும் நிலையத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் அது பட்டினி கிடந்து செத்துவிடும். தயாராக நிற்பதற்கே தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும். வழுதூரின் முதல் அலகுக்கு 2028இல் 25 வயது ஆகிறது, அப்போது அதை என்ன செய்வது என்று மேசையில் கோப்பு வரும். யூனிட் செலவு அதிகம் என்ற ஒரே வரியை எழுதி மூடிவிடாமல், கார்த்திகை மாதத்து மூன்று இருட்டு நாட்களுக்கு அது என்ன பெறும் என்ற கணக்கையும் அந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும்.