வழிதவறி வந்த பறவை: படமா, குரல் பதிவா?

தன் எல்லையை விட்டு வெகுதூரம் வந்த பறவை எதிரில் நிற்கிறது. எதை முதலில் பதிவு செய்வது?

செலவு: படத்துக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். குரலுக்குக் கைபேசியே போதும்.

அடையாளம்: ரஷ்யாவின் தூரக்கிழக்கில் வாழும் ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று 2020இல் அலாஸ்காவில் தென்பட்டு, 2021இல் கனடாவின் கிழக்குக் கரையில் காணப்பட்டது. அதே பறவைதான் என்று உறுதிப்படுத்தியவை, படங்களில் பதிந்திருந்த சிறகின் வெள்ளைத் திட்டுகள். எவ்வளவு அருமையான சான்று! ஆனால் ஒன்றுபோலத் தோன்றும் சிறு பறவைகளான மஞ்சள்புருவ இலைக்கதிர்க்குருவியையும் ஹியூம் இலைக்கதிர்க்குருவியையும் படத்தில் பிரித்தறிவது கடினம். ஒரே ஓர் அழைப்பொலி ஐயத்தைத் தீர்த்துவிடும்.

எளிமை: புதருக்குள் படம் தோற்கும், காற்றில் குரல் தோற்கும். களைத்து வந்த பறவையைப் படத்துக்காக விரட்டவே கூடாது.

கழுகு, ஆலா, வாத்து என்றால் படம். இலைக்கதிர்க்குருவி என்றால் முதலில் குரல்.