டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பராமரிப்பு என்று சொல்லி 48,000 ரூபாயை வாங்கிக்கொண்டு கைவிட்டார்கள்: எச்சரிக்கைப் பதிவு

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் தந்தையை வீட்டில் வைத்துப் பராமரித்துத் தருவதாகச் சொல்லி, செயலி மூலம் இயங்கும் ஒரு வீட்டு மருத்துவப் பராமரிப்பு நிறுவனம் எங்களிடம் 48,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு, ஒப்புக்கொண்ட எதையும் ஒழுங்காகச் செய்யாமல் கைவிரித்துவிட்டது. அப்பா இப்போது சிறுநீர்த் தொற்றோடும் வால் எலும்பின் மேல் படுக்கைப் புண்ணோடும் மறுபடியும் மருத்துவமனையில் இருக்கிறார். கோபம் ஆறிய பிறகு எழுதலாமே என்று தங்கை சொன்னாள். ஆனால், அதே நிறுவனத்தின் ஆள் இன்று காலையில் பக்கத்துப் படுக்கைக் குடும்பத்திடம் அதே பேக்கேஜை விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு, தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

டிஸ்சார்ஜ் நாள் எப்படிப்பட்டது என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்காகக் காலையிலிருந்து பில் கவுண்டரில் காத்திருக்க வேண்டும். மூக்கில் உணவு செலுத்தும் ரைல்ஸ் குழாய், கீழே சிறுநீர்க் குழாய் என்று படுத்திருப்பவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை நின்று நிதானமாகச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். அவர் கழுத்தில் இருந்த அடையாள அட்டையின் நாடா மருத்துவமனை ஊழியர்களுடையதைப் போன்றே நீல நிறத்தில் இருந்ததால், அவரை அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர் என்றே எல்லோரும் நினைத்தோம். அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, ஒவ்வொரு மாத்திரையின் பெயருக்கு எதிரிலும் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதிக்கொடுத்தார். அத்தனை நாள் வார்டில் இருந்தும் அம்மாவுக்குப் புரியும்படி வேறு யாரும் அதைச் செய்திருக்கவில்லை. "கவலைப்படாதீங்கம்மா, இனிமே அப்பா எங்க பொறுப்பு" என்றார். அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு, பணத்தைக் கட்டிவிடச் சொல்லி என்னைப் பார்த்தார்.

தினமும் 12 மணி நேரம் பயிற்சி பெற்ற செவிலியர், தினமும் பிசியோதெரபி, வாரம் ஒருமுறை மருத்துவர் வருகை, உரிய தேதியில் சிறுநீர்க் குழாயை மாற்றுவது என 30 நாட்களுக்கு 48,000 ரூபாய் என்றும், டிஸ்சார்ஜ் அன்றே முழுத் தொகையையும் செலுத்தினால்தான் இந்தச் சலுகை விலை என்றும் சொன்னார்கள். அங்கேயே நின்று கைபேசியில் அனுப்பினேன்.

வந்தவர் செவிலியர் அல்லர். அதற்கு முன்பு ஜவுளிக் கடையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண். இரண்டு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தனக்கு ஒரு நாளைக்கு 450 ரூபாய்தான் கிடைக்கிறது என்று அவரே அம்மாவிடம் சொன்னார். எங்களிடம் நாளொன்றுக்கு 1,600 ரூபாய் கணக்கில் வாங்கியவர்கள் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்பாவை மட்டமாகப் படுக்க வைத்துக் கஞ்சியைச் சிரிஞ்சில் ஊற்றி அழுத்திக்கொண்டிருந்தபோது அவர் இருமிய இருமலில் முகமே கருத்துப்போனது. சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும். அதைத் தூக்கிப் படுக்கையின் மேலேயே வைத்திருந்தார். அப்பாவுக்குப் பேச்சும் போய்விட்டது. வலித்தால் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஒருவரிடம் பயிற்சி இல்லாத ஆளை அனுப்புவதை நான் வெறும் கவனக்குறைவு என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் வந்தார், கையையும் காலையும் சிறிது நேரம் அசைத்தார், ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் வராத நாட்களிலும் செயலியில் "வருகை நிறைவடைந்தது" என்று பதிவாகிக்கொண்டே இருந்தது. பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில்தான் கைகால் அசைவு அதிகமாகத் திரும்பும் என்று நரம்பியல் மருத்துவர் எங்களிடம் அழுத்திச் சொல்லியிருந்தார். அந்த நாட்களைத்தான் இவர்கள் பொய்ப் பதிவுகளால் நிரப்பினார்கள். மருத்துவர் வருகை என்பது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பாக முடிந்தது. சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டிய தேதியில் யாரும் வரவில்லை.

ஒருநாள் இரவு உடை மாற்றும்போது வால் எலும்பின் மேல் தோல் சிவந்திருப்பதைத் தங்கை கவனித்தாள். விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் தொடக்கம் அதுதான் என்று பின்னர் மருத்துவர் சொன்னார். உடனே படம் எடுத்து நிறுவனத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்பினோம். "பவுடர் போட்டு விடுங்கள்" என்று பதில் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்ற ஒரு வரியைக்கூட எழுதவில்லை. அடுத்த சில நாட்களில் தோல் கிழிந்தது. அதற்குள் குளிர்க்காய்ச்சலும் வந்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்ததுதான் இன்னும் கொடுமை. முதலில் மேலாளரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு புகார் எண்ணைக் கொடுத்தார்கள். அடுத்த முறை அழைத்தபோது அந்தப் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருந்தது. அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் இப்போது என் எண்ணைப் பார்த்தாலே அழைப்பைத் துண்டிக்கிறார். கடைசியில் பேசிய ஒருவர், தாங்கள் பராமரிப்பாளரையும் வாடிக்கையாளரையும் இணைத்து வைக்கும் தளம் மட்டுமே என்றும், சேவையின் தரத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும், வேண்டுமானால் மீதித் தொகையை அடுத்த பேக்கேஜில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அடுத்த பேக்கேஜாம்! 48,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. மருத்துவமனை நிர்வாகமோ, அவர்கள் வெளியாட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறது. சம்பந்தமில்லாதவர் வார்டுக்குள் வந்து நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியை எப்படிக் கையில் வாங்கினார் என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

இதற்கெல்லாம் பிறகுதான், 2021 முதல் நடந்துவரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இலவசமாகப் பிசியோதெரபி செய்கிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அப்பா வீடு திரும்பியதும் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்யப்போகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பற்றி ஒரு வரி அச்சிட்டிருந்தால்கூட அந்த 48,000 ரூபாய் அப்பாவின் மருந்துக்கு ஆகியிருக்கும்.

விரிவாக எழுத நினைத்தேன், வார்டில் கூப்பிடுகிறார்கள். முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். வாரக் கணக்கில் மட்டும் கொடுங்கள். வருபவர் செவிலியர் என்றால் தமிழ்நாடு செவிலியர் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் உள்ளே விடாதீர்கள். குழாயில் உணவு கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது இரண்டையும் வார்டு செவிலியர் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள். வாட்ஸாப் உரையாடல்களை அழிக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நான் நாளை போடுகிறேன்.