பாதி வழியில் பிரியும் ரயில்: ‘முன் 4 பெட்டிகள்’ என்ற அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ரயிலில் போகிறவர்கள், குறிப்பாக ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். இங்கே பல ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊர்களுக்குப் போகின்றன. எந்தப் பாதி எந்த ஊருக்கு என்பதை ஒலிபெருக்கி ‘முன் பெட்டிகள்’, ‘பின் பெட்டிகள்’ என்றுதான் சொல்லும். அந்த அறிவிப்பைக் கேட்டு அப்படியே நடந்ததால் நாங்கள் வேறு ஊரில் போய் இறங்கினோம். அதற்கு மேல் எங்களிடமே பணமும் வாங்கினார்கள். என் புகார் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

கடற்கரை ஊர் ஒன்றில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா கையில் வளையல் பெட்டியும் பலகாரப் பையும். லண்டனில் ஏறும்போது முன் 4 பெட்டிகள் எங்கள் ஊருக்கு, பின் 8 பெட்டிகள் வேறு ஊருக்கு என்று அறிவித்தார்கள். நடைமேடையில் நின்ற ஊழியரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொல்லிக் கை காட்டினார். முன் 4 பெட்டிகளில் ஏறி உட்கார்ந்தோம். அதுவரை எல்லாம் சரி.

அன்றைக்குத் தண்டவாள வேலை என்று வண்டியை வேறு பாதையில் விட்டிருந்தார்கள். வழியில் ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி நடைமேடை வழியாக அடுத்த முனைக்கு நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்த பக்கமே கிளம்பியது. அப்பாதான் முதலில் கேட்டார்: “ஏம்மா, வண்டி திரும்பிட்டுல்லா, இப்ப முன்னாடின்னா எது?”

சரியான கேள்வி. அதற்குத்தான் அந்த ரயிலில் யாரும் பதில் சொல்லவில்லை. பதிவு செய்த குரல் எங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லி, ‘முன் 4 பெட்டிகளில் பயணம் செய்யுங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் கார்டு தானே மைக்கில் பேசினார். அவரும் முன் 4 பெட்டிகள் என்றே சொன்னார், பின்னால் இருப்பவர்கள் உடனே முன்னால் வந்துவிடுங்கள் என்றார். வண்டி திரும்பியதால் நாங்கள் இப்போது பின்னால் இருந்தோம். எழுந்தோம். நின்றுகொண்டிருந்த ஆட்களையும் குழந்தை வண்டிகளையும் சூட்கேஸ்களையும் தாண்டி, அப்பா ஒவ்வொரு இருக்கைக் கம்பியாகப் பிடித்துக்கொண்டு நடக்க, 8 பெட்டிகளைக் கடந்தோம். எங்களோடு இன்னும் சில குடும்பங்களும் வந்தன.

வண்டி பிரிந்தது. நாங்கள் முதலில் உட்கார்ந்திருந்த 4 பெட்டிகள்தான் எங்கள் ஊருக்குப் போயின. நாங்கள் வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

டிக்கெட் பார்க்க வந்தவரிடம் சொன்னபோது, “முன் பெட்டிகள் என்று சொன்னது லண்டனிலிருந்து கிளம்பும்போது முன்னால் இருந்தவற்றை” என்றார். என் டிக்கெட் இந்தப் பாதைக்குச் செல்லாது என்றும், அபராதம் போடாமல் விடுவதாகவும், மூன்று பேருக்கும் புது டிக்கெட் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். இங்கிலாந்தில் அபராதக் கட்டணம் 2023 ஜனவரியிலிருந்து 100 பவுண்டும் அதன் மேல் டிக்கெட் விலையும். 21 நாளுக்குள் கட்டினால் 50 பவுண்டும் டிக்கெட் விலையும். அந்தத் தொகையைக் கேட்ட பிறகு அங்கே நின்று வாதாட யாருக்கும் தைரியம் வராது. எடுத்தேன். திரும்பி வரும் ரயிலுக்காகப் பூட்டிக் கிடந்த காத்திருப்பு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். நாங்கள் போய்ச் சேரும்போது தங்கச்சிக்கு வளையல் போட்டு முடித்துச் சாப்பாடும் ஆகியிருந்தது. ஊரிலிருந்து இதற்காகவே வளையல் வாங்கி வந்த அம்மா அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இது எங்கோ ஒரு தடத்தில் எப்போதாவது நடக்கிற விஷயம் இல்லை. லண்டன் விக்டோரியாவிலிருந்து தெற்கே போகும் ரயில்கள் ஹேவர்ட்ஸ் ஹீத்திலும் ஹோர்ஷமிலும் பிரிவது பல வருஷப் பழக்கம். கென்ட் பக்கம் ஃபேவர்ஷமில் ஒரு பாதி ராம்ஸ்கேட்டுக்கும் மறு பாதி டோவருக்கும் போகும். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து இரவில் கிளம்பும் ஸ்காட்லாந்து ஸ்லீப்பர் ஒன்று எடின்பரோவில் மூன்றாகப் பிரிந்து அபர்டீன், இன்வர்னஸ், ஃபோர்ட் வில்லியம் என்று மூன்று ஊர்களுக்குப் போகிறது. அதில் படுக்கை இந்தப் பெட்டியில் என்று டிக்கெட்டிலேயே இருப்பதால் குழப்பம் குறைவு. ஆபத்து, உட்காரும் இடம் குறிக்காத சாதாரண ரயில்களில்தான்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மியூனிக் நகரிலிருந்து விமான நிலையம் போகும் எஸ்1 ரயில் நொய்ஃபார்ன் நிலையத்தில் பிரியும். வழக்கமாகப் பின்பாதி விமான நிலையத்துக்கு, முன்பாதி ஃப்ரைசிங் ஊருக்கு. ஓடும்போது ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது, நிலையத்தில் இறங்கித்தான் மாற வேண்டும். தெரியாமல் ஃப்ரைசிங்கில் இறங்கிவிட்டால் பதறாதீர்கள், அங்கிருந்து 635 பஸ் விமான நிலையம் போகிறது. பெட்டி படுக்கையோடு போகிறவர்கள் நகரின் கிழக்குப் பக்கமாகச் சுற்றிப் போகும் எஸ்8 ரயிலையே பிடியுங்கள். அது பிரியாது.

வண்டி திரும்புவதும் அபூர்வம் இல்லை. ஈஸ்ட்போர்ன் நிலையத்தில் தண்டவாளம் அதோடு முடிந்துவிடும். லண்டனிலிருந்து ஹேஸ்டிங்ஸ் பக்கம் போகும் வண்டி அதற்குள் நுழைந்தால் வந்த வழியே பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். ரெடிங்கிலும் மான்செஸ்டர் – போர்ன்மத் ரயில்கள் திசை மாறுகின்றன. முன்பதிவு செய்து ஏற வந்தவர், ‘என் பெட்டி முன்னால் இருந்ததே’ என்று நடைமேடையின் தவறான முனையில் நிற்பதை அங்கே பார்க்கலாம். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சின்ன நிலையங்களில் நடைமேடை நீளம் பத்தாது. அதனால் ‘முன் 4 பெட்டிகளின் கதவுகள் மட்டும் திறக்கும்’ என்று ஒரு அறிவிப்பு வரும். அதையடுத்து ‘முன் 4 பெட்டிகள் இன்ன ஊருக்கு’ என்று வரும். ஒன்று கதவைப் பற்றியது, மற்றொன்று ஊரைப் பற்றியது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கே கலங்கும். இரைச்சலில் பாதி காதில் விழுகிற அம்மாக்களுக்கு என்ன புரியும்?

அறிவிப்புகளுக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் சொல்லுங்கள் என்ற காவல்துறைச் செய்தி, அந்த ‘சீ இட், சே இட், சார்ட்டட்’, 2016 முதல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேண்டாத அறிவிப்புகளைக் குறைக்கப் போவதாக 2022 ஜனவரியில் அரசே சொன்னது. குறைப்பது நல்லதுதான். ஆனால் பிரியும் ரயிலில் அந்த ஒரே ஒரு முக்கியமான வாக்கியம் அன்றைய ஓட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒருவர் சரிபார்த்துச் சொன்னால் போதும். எங்கள் வண்டியில் அதைத்தான் யாரும் செய்யவில்லை.

நான் தூத்துக்குடிக்காரி. முன்பெல்லாம் சென்னை எழும்பூரிலிருந்து குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிப் பெட்டிகளும் சேர்ந்து வரும், வாஞ்சி மணியாச்சியில் அவற்றைக் கழற்றுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் தப்பான பாதியில் போனதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை தொங்கும், டிக்கெட்டில் பெட்டி எண் இருக்கும். இன்ஜின் எந்தப் பக்கம் மாட்டினாலும் பலகை மாறாது. இங்கே இத்தனை மின்பலகைகள் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, அதுவரை நாம் என்ன செய்யலாம்? கிளம்பும் முன்பே ரியல்டைம் டிரெயின்ஸ் தளத்தில் உங்கள் ரயிலைத் தேடுங்கள். எந்த நிலையத்தில் பிரிகிறது என்பது அதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதை மாற்றம் உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏறும்போது வண்டியின் முகப்பில் எழுதியிருக்கும் ஆறு இலக்க எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாமல் சேர்ந்தே ஓடும் பெட்டிகளின் ஒரு தொகுப்புக்கு ஒரு எண், அது வண்டி எந்தப் பக்கம் ஓடினாலும் மாறாது. ஊழியரிடம் கேட்கும்போது ‘முன்பக்கமா பின்பக்கமா’ என்று கேட்காமல், ‘நான் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டி எந்த ஊருக்கு’ என்று கேளுங்கள். வழியில் வண்டி திரும்பிவிட்டால் அறிவிப்பு எதுவானாலும் உடனே இடம் மாறாதீர்கள். பிரியும் நிலையத்தில் சில நிமிடம் நிற்கும். ஒருவர் மட்டும் கதவருகே நின்று நடைமேடை ஊழியரைக் கேட்கட்டும். மற்றவர்கள் சாமான்களோடு ஒரே இடத்தில் இருக்கட்டும். பிரியும் நிலையம் நெருங்கும்போது யாரையும் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். வயதானவர்கள் கையில் டிக்கெட்டும் போனும் தனியாக இருக்கட்டும். ஒரே ஆளின் போனில் எல்லா டிக்கெட்டும் இருந்தால், பிரிந்துபோனவர் டிக்கெட் இல்லாதவர் ஆகிவிடுவார்.

தப்பான பாதியில் மாட்டிக்கொண்டால் அடுத்த நிலையத்திலேயே இறங்குங்கள். நடைமேடையில் இருக்கும் உதவி பொத்தானை அழுத்தி, நேரத்தையும் தவறான அறிவிப்பையும் சொல்லுங்கள். புது டிக்கெட்டோ அபராதமோ கட்ட வேண்டி வந்தால் ரசீதைத் தொலைக்காதீர்கள். அபராதத்துக்கு மேல்முறையீடு செய்ய 21 நாள்தான் இருக்கிறது.

தாமதத்துக்கான இழப்பீடு கேட்டேன். ‘ரயிலின் இரண்டு பாதிகளும் அன்று சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன, எனவே தாமதம் இல்லை’ என்று பதில் வந்தது. ரயில் சேர்ந்தது, அதில் போக வேண்டியவர்கள் சேரவில்லையே என்று எழுதிவிட்டேன். அன்று நான் போனில் பதிவு செய்திருந்த கார்டின் குரலையும் அனுப்பியிருக்கிறேன். மறுபடி மறுத்தால், பயணிகளின் புகார்களை விசாரிக்கும் ரயில் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன். பயணிகளுக்கு அது இலவசம், அங்கே வரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

நான் கேட்டிருப்பது புது டிக்கெட்டுக்குக் கட்டிய பணம், அதோடு திசை மாறும் நாட்களில் பதிவுக் குரலை நிறுத்திவிட்டுப் பெட்டி எண்ணைச் சொல்லி அறிவிக்க ஓர் எழுத்துப்பூர்வமான உறுதி. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தேதி, பிரிந்த நிலையம், அறிவிப்பில் சொன்னது, உண்மையில் நடந்தது ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பயணிகளுக்கான கண்காணிப்பு அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபோகஸுக்கு அனுப்பப் போகிறேன்.